போலீஸ் விசாரித்த தாய்மாமன்

1

"…கிடாய்க்கு முன்னாடி உங்க கழுத்துலதான் விழும் மச்சான். கருப்பர் வாசல்ல நின்னு சொல்றேன், வெறும் வாய் வார்த்தையின்னு நெனச்சுப்புடாதீக."

இப்படிச் சொன்னவர் பாண்டி, என் தங்கை முத்துலட்சுமியின் கணவர். சொல்லும்போது அவருடைய கீழுதடு பிளந்து, ரத்தம் தாடை வழியாக இறங்கி, வெள்ளைச் சட்டையின் இரண்டாவது பொத்தான் வரை வந்திருந்தது. அந்த உதட்டைப் பிளந்தவன் நான். என் வாயிலும் ரத்தம். முன்பல் ஒன்று கோயில் வாசல் மணலில் எங்கேயோ கிடந்தது. அதைப் பெயர்த்தவர் அவர். வரப்புத் தகராறோ வாய்க்கால் தகராறோ இல்லை. என் தங்கை மகள் ஓவியா, மூன்று வயதுக்காரி, காது குத்திக்கொள்ள என் மடியில் உட்காரலாமா கூடாதா என்பதுதான் எங்கள் சண்டை.

நடந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. எழுதுகிற எண்ணமே எனக்கு இல்லை. நேற்றுக் காலை நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்துக்கு ஒரு குஜராத்திக் குழந்தை புதுக் கம்மலோடு வந்தது. காதுமடல் வீங்கிச் சிவந்திருந்தது. குத்தும்போது யார் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். "மாமா" என்றது. அவர்கள் மொழியிலும் மாமா மாமாதான் போலிருக்கிறது. என் நாக்கு தானாகவே பல் இருந்த இடத்துக்குப் போய்விட்டு வந்தது.

பாண்டி அதைச் சொல்லிவிட்டு அடுத்து என்ன செய்தார் என்பதைச் சொல்வதற்கு முன்னால், நான் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். நேர்ப்பாதையில் வந்தால் நீங்களும் ஒரு அடி போட்டுவிட்டுத்தான் போவீர்கள்.

2

என் பெயர் சோலைமலை. காரைக்குடிக்காரன். அப்பா அரசு பஸ் கண்டக்டர். அம்மா போன மறுவருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். லட்சுமிக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். என் மனைவி கவிதா நர்ஸ். அவளுக்கு நியூசிலாந்தில் ஹாமில்டன் என்கிற ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் வந்து இறங்கினேன். "பொண்டாட்டி முந்தானையில முடிஞ்சு கொண்டு போன ஆம்பளை" என்று ஊரில் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, சொல்லட்டும்.

முதலில் ஒரு உணவகத்தில் பாத்திரம் தேய்த்தேன். மகள் நிலாவைக் காப்பகத்தில் விடப் போகிற நேரங்களில் அவளை விட்டுவிட்டு உடனே கிளம்ப மாட்டேன். உட்கார்ந்து கதை பேசுவேன். சுற்றிலும் ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். ஒருநாள் காப்பகத்தை நடத்தும் அம்மாள், "பேசுறதைத்தான் பேசுறே, சம்பளம் வாங்கிக்கிட்டுப் பேசக் கூடாதா" என்கிற மாதிரி கேட்டாள். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பிறகு மாலை வகுப்பில் படித்துச் சான்றிதழும் வாங்கினேன். படக்கதைப் புத்தகங்களை எழுத்துக் கூட்டி வாசித்து இங்கிலீஷ் கற்றேன். என் வாத்தியார்கள் எல்லோரும் நாலு வயதுக்குக் கீழ்தான்.

வேலை என்னவென்று ஊரில் கேட்டால் "டீச்சர்" என்பேன். பொய் இல்லை. ஆனால் சோறு ஊட்டுவது, மூக்குச் சிந்தி விடுவது, டயப்பர் மாற்றுவது, முதுகைத் தட்டித் தூங்க வைப்பது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

இங்கே ஒரு குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் அதனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இப்ப உன் கால்சட்டையைக் கழற்றப் போறேன். இப்ப ஈரத்துணியால துடைக்கப் போறேன், சில்லுன்னு இருக்கும்." முதல் மாதம் எனக்கே மந்திரம் சொல்கிற பூசாரி மாதிரி இருந்தது. டயப்பர் மாற்றும் அறையின் சுவரில் பெரிய கண்ணாடிச் சன்னல் உண்டு. கதவு திறந்தேதான் இருக்க வேண்டும். மடியில் குழந்தை தானாக வந்து உட்காரலாம், நாம் இழுத்து உட்கார வைக்கக் கூடாது. இந்த விதிகள் பெண்களுக்கும் உண்டு. ஆனால் பெண்கள் மாற்றும்போது அந்தச் சன்னலை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் மாற்றும்போது அந்தப் பக்கமாகப் போகிற தாய்மார்களுக்குத் திடீரென்று செருப்பு வார் அவிழ்ந்துவிடும், குனிந்து மாட்டுவார்கள்.

கெட்டவர்கள் இல்லை. வாசலில் என்னைப் பார்த்தால் வாய் நிறையச் சிரிப்பார்கள். ஒரு அப்பா, "ஆம்பளை ஒருத்தர் இருக்கிறது எவ்வளவு நல்லது தெரியுமா" என்று என் தோளில் தட்டினார். அவர் வீட்டுக்காரி உள்ளே போய், தன் மகளுக்கு டயப்பர் மட்டும் நான் மாற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பந்து எத்துவதற்கு ஆம்பளை வேண்டும், சளி துடைக்கப் பொம்பளை வேண்டும். பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல் அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் சில நேரம் எனக்கே பாவமாக இருக்கும்.

அப்புறம் போலீஸ் சான்று. இங்கே குழந்தைகளோடு வேலை பார்க்கும் யாரையும் போலீஸ் விசாரித்துத்தான் சேர்ப்பார்கள். நான் பழைய காப்பகத்திலிருந்து புதியதற்கு மாறியபோது இந்தியாவிலிருந்தும் ஒரு சான்று கேட்டார்கள். காரைக்குடி வீடு பூட்டிக் கிடப்பதால், விசாரிக்க லட்சுமி வீட்டு முகவரியைக் கொடுத்தேன். கொடுத்ததோடு மறந்தும் போனேன். பிறகு "புகார் எதுவும் இல்லை" என்று ஒரு தாள் வந்தது. சட்டம் போட்டு மாட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டேன்.

அந்தத் தாள் எனக்கு வந்து சேர்வதற்காக, அங்கே ஒரு காக்கிச் சட்டை என் தங்கை வீட்டுத் தெருவில் பைக்கை நிறுத்தியிருக்கிறது. அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

3

ஊருக்குக் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு அடி வாங்கினேன். அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் காப்பகத்தில் ஒரு குட்டிப் பெண், கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி இருக்கும். அன்றைக்கு முதல்முறையாகத் தானே சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் கூட்டிப் போக அவள் அப்பா வந்தார், கட்டட வேலை பார்க்கிற ஆள், ஆறடிக்கு மேல். நான் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "இந்தக் கன்னத்தைக் கடிச்சுத் தின்னுறலாம் போல இருந்துச்சு" என்று சொல்லுக்குச் சொல் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். நம் பக்கத்தில் இதைச் சொல்லாத சித்தி உண்டா, மாமன் உண்டா. கொஞ்சுவதற்கே கடிப்பதையும் தின்பதையும் விட்டால் நமக்கு வேறு வார்த்தை கிடையாது.

அவர் மகளைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தார். ஒரு கையால் என் தொண்டையைப் பிடித்து, இரும்புக் கேட்டில் வைத்து அழுத்தினார். தாழ்ப்பாள் என் பின்மண்டையில் ஏறியது. "இன்னொரு தரம் சொல்லு" என்றார். என்னால் மூச்சே விட முடியவில்லை, எங்கே சொல்வது. இரண்டு பெண்கள் ஓடிவந்து அவர் கையைப் பிரித்தார்கள். என் காலரின் பின்பக்கம் முழுக்க ரத்தம்.

மண்டையில் தையல் போட்டார்கள். அதைவிட வலித்தது அடுத்து வந்தது. விசாரணை முடிகிறவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள், சம்பளத்தோடுதான். வெவ்வேறு ஆட்கள் வந்து ஒரே கேள்வியை மரியாதையாகக் கேட்டார்கள். என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள். எங்கள் ஊர்ப் பேச்சு என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது திருட்டுப் பேச்சு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் என் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த அப்பா மகளை வேறு காப்பகத்துக்கு மாற்றிவிட்டார்.

தையல் போட்ட தலையோடு உட்கார்ந்திருந்தபோது நிலா பக்கத்தில் வந்தாள். பதின்மூன்று வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும் வயது. "அப்பா, அவர் அடிச்சது தப்பு. ஆனா நீங்க சொன்னது கேக்க ஒரு மாதிரி இருக்குப்பா, அது உங்களுக்கே தெரியலையா" என்று இங்கிலீஷில் சொன்னாள். அவள் கன்னத்தையும் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தேன். அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

4

இங்கே பெற்ற அப்பன்கூடப் பிள்ளையை அடிக்க முடியாது, சட்டம் பிடித்துக்கொள்ளும். இதை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

நான் வளர்ந்தது அடியில். அப்பா கண்டக்டர் பையின் தோல்வாரைக் கழற்றி அடிப்பார். முதுகில் வார் விழுந்த தடம் கம்பளிப்பூச்சி மாதிரி எழும்பி நிற்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரிடம், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுருங்க சார்" என்று சொல்லித்தான் சேர்த்தார். வாத்தியாரும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மாங்காய் அடித்ததற்கு ஒரு டீக்கடைக்காரர் என்னை வேப்பமரத்தில் கட்டி வைத்து அடித்தார். அப்பா வந்து அவிழ்த்துவிட்டு, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கூட்டி வந்து மிச்சத்தை அடித்தார். அடியாத மாடு படியாது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். பழமொழிக்கு நம்மிடம் பஞ்சமா.

யோசித்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. ஊரான் வீட்டுப் பிள்ளையை ஒரு ஆம்பளை அடித்தால், ஏன் தொட்டாய் என்று எங்கள் தெருவில் ஒருத்தரும் கேட்டதில்லை. அதே ஆம்பளை அந்தப் பிள்ளைக்குக் கால் கழுவி விட்டால் கேட்பார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லிவைத்தார்கள். ஆனால் நம்பியது என்னவோ அடிக்கிற கையைத்தான். அடிக்காமல் அணைக்க மட்டும் ஒரு கை வந்தால், இதற்குள் என்னமோ இருக்கிறது என்று விரலை விரித்துப் பார்க்கிறார்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு தாய்மாமன். காது குத்தா, மொட்டையா, அவன் மடிதான். பிள்ளை துள்ளினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியவன் அவன். அப்பன்காரன் எட்டி நிற்பான். மாமன் உயிரோடு இருக்கும்போது வேறொருவன் மடி கொடுத்தால், பிள்ளையைப் பெற்றவளுக்குப் பிறந்த வீட்டுக் கதவை ஊர் கூடி அடைத்த மாதிரி. ஓவியாவுக்கு ஒரு வயதில் குன்றக்குடியில் மொட்டை போட்டபோது என் விசாத் தாள்கள் ஏதோ ஒரு மேசையில் மாட்டிக்கொண்டன. போக முடியவில்லை. என் சித்தப்பா மகன் சேது மடி கொடுத்தான். லட்சுமி போனில் அழுதாள். காது குத்துக்கு வந்தே தீருவேன் என்று அன்றைக்குச் சொன்னேன்.

5

காளையார்கோவில் பக்கம் பாண்டி வீட்டுக் குலதெய்வம், கருப்பர். பொட்டல், நாலு பனை, ஒரு கீற்றுப் பந்தல். மூன்று கிடாய்கள் மாலையோடு கட்டிக் கிடந்தன. வெட்டருவாளைக் கழுவி, பூசாரி கல்லின் மேல் வைத்திருந்தார். கவிதாவுக்கு லீவு இல்லை, நிலாவுக்குப் பரீட்சை, அதனால் நான் தனியாகத்தான் சீர்த் தட்டுகளோடு வந்து இறங்கினேன்.

"வாங்க" என்றார் பாண்டி. வழக்கமாக "வாங்க மச்சான், இங்குட்டு உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிற ஆள். அன்றைக்குக் கை வரவில்லை. பயணக் களைப்பில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காது குத்த வந்த பத்தர் ஊசியையும் தங்கக் கம்பியையும் எடுத்து வைத்துக்கொண்டு, "மாமன்காரக வந்து உக்காருங்க" என்றார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அப்போது பாண்டியின் அண்ணன் ராசு முன்னால் வந்தார்.

"மொட்டைக்கு உக்காந்த சேதுவே இதுக்கும் உக்காரட்டும்."

"ஏன் சின்ன மாமனை உக்கார வைக்கணும்?" என்றாள் லட்சுமி. "அன்னைக்கு எங்கண்ணன் வர முடியல. இன்னைக்குத்தான் முன்னாடி உக்காந்திருக்குல்ல."

"உங்கண்ணன் உக்காந்திருக்கிறதுதான் பிரச்சனை. போலீஸ் விசாரிச்ச ஆளு மடியில எங்க வீட்டுப் புள்ளைய எப்படி உக்கார வைக்கிறது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராசுவே விளக்கினார், பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "சோலைமலைங்கிறவரு வெளிநாட்டுல சின்னப் புள்ளைக கூட வேலை பாக்குறாராமே, அவரு மேல புகாரு ஏதும் உண்டான்னு தெருவுல நின்னு போலீஸ் கேட்டுட்டுப் போச்சு. ஒண்ணுமே இல்லாமயா தேடி வருவாக?"

"புகாரு இல்லைன்னு எழுதிக் குடுக்கிறதுக்குத்தான் வந்தாக," என்றேன். "அங்க புள்ளைகளைத் தொடுற வேலை பாக்குற எல்லாருக்கும் அப்படித்தான்."

"கேட்டுக்கிட்டீகளா, தொடுற வேலையாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். என்னை நல்லவன் என்று காட்ட வாங்கிய தாள்தான் அங்கே எனக்கு வினையாக வந்து நின்றது. நம் ஊரில் போலீஸ் விசாரிப்பது கெட்டவனை மட்டும்தான். விசாரித்து ஒன்றும் இல்லை என்றால், தப்பித்துவிட்டான் என்று அர்த்தம்.

"டீச்சர்னு சொன்னீக," என்றார் பாண்டி. "பீத்துணி மாத்துறதுன்னு சொல்லல."

"மாத்துறதுல என்ன மாப்பிள்ளை கேவலம்? பெத்தவுக செய்யல?"

"பொம்பளைக செய்வாக. ஆம்பளைக்கு அடுத்தவன் வீட்டுப் பொட்டப்புள்ளைகிட்ட என்ன சோலி? எந்திரிங்க."

"எந்திரிக்க மாட்டேன்."

"எந்திரிய்யா."

எட்டிச் சட்டையைப் பிடித்தார். நான் பலகையைவிட்டு அசையவில்லை. கைமுட்டி வந்தது. வாய்க்குள் ஏதோ முறிந்தது கேட்டது, வலி அதற்கு அப்புறம்தான் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, நானும் அடித்தேன். கைக்கு அகப்பட்டது சீர்த் தட்டில் இருந்த தேங்காய். அதோடு சேர்த்து அவர் முகத்தில் இறக்கினேன். உதடு பிளந்தது. இரண்டு பேரும் கட்டிப் புரண்டோம். மஞ்சள், குங்குமம், வெற்றிலை, எல்லாம் மணலும் ரத்தமுமாக எங்கள் மேல் ஒட்டிக்கொண்டது. யாரோ என் விலாவில் மிதித்தார்கள். மிதித்தது யாரென்று இன்றுவரை தெரியாது. ஓவியா வீறிட்டாள். கிடாய்களும் கத்தின.

ராசு கல்லிலிருந்து அருவாளை எடுக்கப் போனார். பூசாரி குறுக்கே நின்றார். "கிடாய்க்குக் கழுவி வச்சது. மனுசன் ரத்தத்துக்குன்னா உங்க வீட்டுல இருந்து எடுத்தாங்க" என்றார். சேதுவும் இன்னும் சிலரும் எங்களைப் பிரித்தார்கள்.

என் வாய் நிற்கவில்லை. வாயால் பிழைக்கிறவன், அடிபட்ட வாய் வேறு. "உங்க வண்டியில ஊரான் வீட்டுப் பொட்டப்புள்ளைக வரலையா மாப்பிள்ளை? அதுகளை ஏத்தி இறக்கி விடுறது யாரு?" என்று கத்தினேன். பாண்டி காரைக்குடியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் என்றுதான் எனக்குத் தெரியும்.

லட்சுமி என் அருகில் வந்து, "அதைப் பேசாதண்ணே" என்றாள் மெதுவாக. "அவரு இப்ப வேன் ஓட்டல."

6

பாண்டி மணலில் உட்கார்ந்தார். துண்டை உதட்டில் அமுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினார்.

"எல்கேஜி புள்ள. வண்டியிலயே தூங்கிருச்சு. எழுப்ப மனசு வரல. தோள்ல போட்டுக்கிட்டு வீட்டு வாசலுக்குப் போனேன். அன்னைக்குக் காலையிலதான் டீவியில ஏதோ ஒரு ஊருல ஒரு பொட்டப்புள்ளைக்கு நடந்ததைக் காட்டியிருக்கான். அந்தப் புள்ளையோட அம்மா கதவைத் தொறந்துச்சு. எம்புள்ள மேல எதுக்குடா கையை வச்சேன்னு செருப்பைக் கழட்டி மூஞ்சியிலயே போட்டுச்சு. தெருவே கூடிருச்சு. அவுக பங்குக்கு அவுகளும் போட்டாக. புள்ள முழிச்சுக்கிட்டு, டிரைவர் மாமாவை அடிக்காதீங்கன்னு அழுதுச்சு. அதுக்கும் சேத்து எனக்கு நாலு போட்டாக, புள்ளைக்கு என்னத்தடா சொல்லிக் குடுத்து வச்சிருக்கேன்னு."

ராசு தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னையிலருந்து பெத்த மகளையே தெருவுல தூக்க மாட்டேங்குறாரு அண்ணே," என்றாள் லட்சுமி. "காச்சல் அடிச்சப்பக்கூட நான்தான் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். இவரு பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு வாராரு."

எனக்குக் கோபம் வடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வடியவில்லை. விலா எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் இரும்புக் கேட்டில் அந்த ஆறடிக்காரர் என்னை வைத்து அழுத்தியதைச் சொன்னேன். பின்மண்டையைக் காட்டினேன். பாண்டி எழுந்து வந்து தையல் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"திருப்பி அடிச்சீகளா?"

"இல்ல."

"நானும் அடிக்கல." தழும்பிலிருந்து விரலை எடுத்தார். "அங்குட்டு அடிக்க வேண்டியதையெல்லாம் சேத்து வச்சு இங்குட்டு அடிச்சிருக்கம்."

பத்தர் செருமினார். "அடிச்சு முடிச்சாச்சா? எமகண்டம் பொறக்கப் போகுது. குத்தணும்னா ஒரு மடியைச் சொல்லுங்க, இல்லைன்னா நான் திருப்பத்தூர் பஸ்ஸைப் பிடிக்கணும்."

நான் மறுபடி பலகையில் உட்கார்ந்தேன். வாயைக் கழுவிக்கொண்டேன், சட்டையை என்ன செய்ய முடியும். இரண்டு கைகளையும் விரித்து முழங்கால் மேல் வைத்தேன். காப்பகத்தில் புதுக் குழந்தை வரும்போது அப்படித்தான் உட்காருவோம். "ஓவியா, மாமா மடிக்கு வாரீகளா தாயி? மெதுவா வரலாம்" என்றேன்.

அவள் லட்சுமியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இரண்டு ஆம்பளைகள் ரத்தம் வழிய உருண்டதை அப்போதுதான் பார்த்திருக்கிறாள். வருவாளா.

"பாத்தீகளா," என்றார் ராசு. "புள்ளைக்கே பிடிக்கல."

"வரலைன்னா நான் எந்திரிச்சுருவேன்," என்றேன். "சேது உக்காரட்டும். இழுத்து உக்கார வைக்க மாட்டேன்."

"அண்ணே" என்றாள் லட்சுமி. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் எழுந்தால், அவள் இனிமேல் யாருடைய தங்கச்சி என்று அந்தப் பந்தல் முழுக்கக் கேட்கும். எழாமல் இருந்தால், என் தொழிலில் நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடத்தை நானே மிதிக்கிறேன். எழுவதற்கு ஒரு காலை ஊன்றிவிட்டேன்.

"உக்காருங்க" என்றார் பாண்டி.

என் முன்னால் வந்து நின்றார். அவர் நிழல் என் மேல் விழுந்தது. எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினார்.

"இன்னைக்கு எம்மக உங்க மடியிலதான் உக்காருவா. நாளைப்பின்ன அவ பெரியவளாகி, மாமன் இப்படின்னு ஒரு வார்த்தை சொன்னாள்னு வைங்க, அன்னைக்கு இந்தக் கோயில்ல அருவா ஓங்குனா, கிடாய்க்கு முன்னாடி உங்க கழுத்துலதான் விழும் மச்சான். கருப்பர் வாசல்ல நின்னு சொல்றேன், வெறும் வாய் வார்த்தையின்னு நெனச்சுப்புடாதீக."

"சரி மாப்பிள்ளை" என்றேன்.

அவர் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு லட்சுமியிடம் போனார். குனிந்து மகளின் காதில் என்னவோ சொன்னார். அக்குளுக்கு அடியில் கை கொடுத்து, அத்தனை பேர் பார்க்க அவளைத் தூக்கினார். அவள் இரண்டு கைகளாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்படியே கொண்டுவந்து என் மடியில் இறக்கினார். அவள் கழுத்தை விடவில்லை. அவரும் விடுவிக்கவில்லை. என் முழங்காலோடு முழங்கால் இடிக்க மண்ணில் மண்டியிட்டு, பிளந்த உதட்டை அவள் கன்னத்தில் வைத்தபடியே பத்தரைப் பார்த்து, "குத்துங்க" என்றார்.